கப்பலுக்கும் பங்கு உண்டு என்றவர்

எங்கள் கட்டிடத்தின் சொந்தக்காரர் பொய் சொல்கிறார். என் அரிசி தானாக நனையவில்லை.

லேக் மார்க்கெட்டில் மழைத் தண்ணீர் ஏறிய அன்று, அவர் கத்தியதால்தான் என் மளிகைக் கடை அரிசி மூட்டைகளைப் பொதுவாசலில் அணையாக அடுக்கினேன். எல்லாக் கடைகளும் தப்பின. என் அரிசி ஊறிப்போனது. "தானா நனைஞ்சுது, உன் நேரம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காபிக் கடையில் இதைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தேன். எதிரே ஒல்லியான ஒருவர். கப்பல் நஷ்டங்களைப் பங்கு பிரிப்பது அவர் தொழிலாம். மேசை விளிம்பில் இருந்த என் டம்ளரை நடுவுக்கு நகர்த்தினார். பக்கத்து மேசைக்காரரின் டம்ளரையும் விடவில்லை.

"தானா நனைஞ்சுதா, நீங்களா அடுக்கினேளா?"

"நான்தான் சார். எல்லாருக்காகவும்."

"தானா நனைஞ்சா உங்க தலையெழுத்து. ஆனா புயல்ல கப்பலைக் காப்பாத்த ஒருத்தன் சரக்கைக் கடல்ல தள்ளினா, தப்பிச்சவா எல்லாரும் அந்த நஷ்டத்துல பங்கு தரணும். கடல் சட்டம்."

"நான் என்ன கப்பலா ஓட்டறேன்?"

"இந்த ஊர் மழைக்கு எல்லாமே கப்பல்தான். கப்பல்காரனும் பங்கு தரணும், அவனை விட்டுடாதீங்கோ."

போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

கடைக்காரர்களிடம் சொன்னேன். புடவைக் கடை தாதா, அதாவது வங்காளி அண்ணன், முதலில் பங்கு தந்தார், பிறகு எல்லோரும். கடையில் மறுபடி அரிசி நிறைந்திருக்கிறது. எனக்குத் திருப்திதான். இப்போதெல்லாம் விளிம்பில் டம்ளரைப் பார்த்தால் என் கையும் நகர்த்துகிறது.

மிச்சம் கப்பல்காரர்தான், எங்கள் கட்டிடத்தின் சொந்தக்காரர். ஐயா, உங்கள் மோட்டாரும் மீட்டர் பெட்டிகளும் என் அரிசியால் தப்பினவா, இல்லையா? ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்கள் கூட்டத்துக்கு வந்து, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.