பச்சைக் காரின் பின்சீட்டு

குடவாசலில் அமெரிக்கக் கார் வைத்திருந்த ஒரே வீடு எங்களுடையதுதான். கேட்காதவர்களிடமும் இதைச் சொல்லிவிடுவேன். அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. அதற்கு ஆயில் மாற்றுகிறவள் நான்.

அத்தா பன்னிரண்டு வருஷம் வளைகுடாவில் ஓர் அரபி வீட்டில் டிரைவராக இருந்தார். அங்கே அவர் கையில் இருந்தது நீளமான பழைய அமெரிக்கக் கார். முதலாளி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பின்கதவைத் திறந்துவிட வேண்டும். ஒரேயடியாக ஊர் திரும்பியவர் வீட்டுக்கு மாடி எடுப்பார் என்று எல்லாரும் நினைத்திருக்க, அதே மாதிரி ஒரு கார் வேண்டும் என்றார். அம்மா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "வாங்குறதுதான் வாங்குறீங்க, நானும் வந்து பாக்குறேன்" என்றாள். தப்பான காரை எடுத்துவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. சின்னப் பெண்ணான எனக்கே அது தெரிந்திருந்தது.

தஞ்சாவூரில் கல்யாண வாடகைக்கு ஓடிய சிவப்புக் காரை முதலில் பார்த்தோம். அம்மாவின் தம்பியான மாமா அதைக் கண்டதும் சொக்கிப்போனார். அதன் பளபளப்பில் முகம் தெரிந்ததால் நானும் அவர் கட்சிதான். அம்மா மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே காரைச் சுற்றி வந்தாள். சந்தையில் மண்சட்டி வாங்கும்போதும் அப்படித்தான் தட்டிப் பார்ப்பாள்.

மாமாவுக்கு மானமே போயிற்று. "அக்கா, இது காரு. சட்டி இல்ல."

கதவுக்குக் கீழே வந்தபோது சத்தம் மாறியது. அதுவரை கணீரென்று கேட்டது, இங்கே பொத்தென்று கேட்டது. "இங்க தகரமே இல்லைங்க. எதையோ பூசி வச்சிருக்காங்க" என்று அத்தாவிடம் சொன்னாள். அத்தா குனிந்து நகத்தால் சுரண்டினார். பெயிண்டோடு பட்டிப் பூச்சும் உதிர்ந்து, உள்ளே துருப்பிடித்த ஓட்டை தெரிந்தது. விற்க வந்தவர் வானத்தைப் பார்த்தார்.

அடுத்த கார் நீடாமங்கலத்தில், ஒரு ரைஸ்மில்லின் உமி மூட்டைகளுக்கு நடுவே கிடந்தது. வெளிறிய பச்சை. உள்ளே எலிப் புழுக்கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மா சுற்றிலும் தட்டினாள். எங்கும் ஒரே சத்தம். மாமா பானட்டுக்குள் தலையை விட்டு, "பழைய இன்ஜின் அப்படியே இருக்கு மச்சான்" என்று கத்தினார்.

அத்தா பின்கதவைத் திறந்தார். சீட்டின் தூசியைத் துண்டால் தட்டிவிட்டு, ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் சாய்ந்தே இருந்தார். இறங்கி வந்து, "இதுதான்" என்றார். டிரைவர் சீட்டுப் பக்கம் அவர் போகவேயில்லை.

அதை ஓட வைப்பதற்குள் ஒரு சம்பா சாகுபடியே முடிந்துவிட்டது. கடையில் கிடைக்காத சாமான்களைப் பம்புசெட் மெக்கானிக் லேத்தில் கடைந்து கொடுத்தார். அத்தா கார்பரேட்டரைக் கழற்றித் துணியில் பரப்பிவிட்டால் வீட்டில் யாரும் ஃபேன் போடக் கூடாது. பம்பரைப் பல்பொடி போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு. தேய்த்துத் தேய்த்து, கடைசியில் அதில் என் முகத்தைப் பார்த்துவிட்டேன்.

பெருநாள் தொழுகை முடிந்து திருவாரூருக்கு முதல் பயணம். தெருவே வாசலில் நின்றது. அத்தா சாவியை மாமாவிடம் நீட்டி, "நீ ஓட்டு" என்றார். மாமாவுக்கு டிராக்டர் ஓட்டித்தான் பழக்கம். அத்தா எங்களோடு பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பையன்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அத்தா வழி முழுக்கச் சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு வந்தார்.

கமலாலயக் குளக்கரையில் வண்டியை நிறுத்திய மாமா, சுற்றி ஓடிவந்து பின்கதவைத் திறந்தார். விறைப்பாக நின்று சலாம் வைத்தார்.

"எறங்குங்க மொதலாளி!"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தா சிரிக்கவில்லை. திறந்த கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். அம்மா குளத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பள்ளி திறந்ததும் காரைப் பற்றி ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். எங்கள் வீட்டு மானம் போய்விடுமே என்று ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவ்வளவு பெரிய காரை ஓட்ட அத்தாவுக்குப் பயம் என்றுதான் அந்த வயதில் நினைத்திருந்தேன்.