தவக்காலத்தில் வளராத முடி

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பூசை முடிந்து வந்து விக்டர் தன் போட்டோ ஸ்டுடியோவின் ஷட்டரைத் தூக்கியபோது, பக்கத்துச் சைக்கிள் கடை பலராமன் பஞ்சர் ஒட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னா விக்டரு, உங்க சாமியார் நெத்தியிலதான வைப்பாரு? உனக்கு தோள்லயும் கொட்டிட்டாரா?”

விக்டர் கறுப்புச் சட்டையின் தோளைத் தட்டிவிட்டார். நெற்றியில் இருந்தது சாம்பல். தோளில் இருந்தது பொடுகு.

“வாய மூடிக்கினு வேலயப் பாருடா.”

“பாக்கறேன். பொண்ணு வீட்டுக்கு உன் போட்டோ போயிடுச்சாமே?”

“போயிடுச்சு. அதான் பிரச்சினையே.”

அது 2006. புதுச்சேரி நெல்லித்தோப்பில் விக்டரின் ஸ்டுடியோ ஒரே ஓர் அறை. முன்னால் கண்ணாடி, கயிற்றில் கட்டிய சீப்பு, பவுடர் டப்பா. திரைக்குப் பின்னால் நீலத் துணி, இரண்டு குடை விளக்குகள், ஒரு ஸ்டூல். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. மகனும் மில்லுக்கு வருவான் என்று காத்திருந்தார். மகனோ பத்தாவது முடித்த கையோடு ஒரு கல்யாண போட்டோகிராபருக்கு லைட் பிடிக்கப் போனார். இருட்டறையில், மருந்துத் தண்ணீருக்கடியில் கிடந்த வெள்ளைத் தாளில் ஒரு முகம் மெல்ல எழும்பி வருவதைப் பார்த்தார். மில் அன்றைக்கே மறந்துபோனது. பிறகு டிஜிட்டல் வந்தது. மற்ற ஸ்டுடியோக்காரர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது விக்டர் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு, போட்டோஷாப்பைத் தானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டார்.

அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது டச்சப். வரன் பார்க்கக் கொடுக்கும் படங்களில் பருவை எடுப்பார். கருவளையத்தை வெளுப்பார். மாப்பிள்ளையின் உச்சி காலியாக இருந்தால் காதோரத்து முடியை நகலெடுத்து அங்கே நடுவார். காலாப்பட்டிலிருந்துகூட பஸ் பிடித்து வந்தார்கள். இதைப் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. சட்டைக்கு இஸ்திரி போடுவது மாதிரி ஒரு வேலை, அவ்வளவுதான்.

முப்பத்திரண்டு வயதில் தன் படத்துக்கும் அதையே செய்தார். கை கொஞ்சம் தாராளமாகிவிட்டது. நெற்றியின் இரு ஓரமும் ஏறிப்போய், உச்சியில் தோல் தெரிய ஆரம்பித்திருந்த ஆள், படத்தில் கல்லூரிப் பையன் மாதிரி அடர்ந்த தலையோடு சிரித்தார். அம்மா ஆனந்தமேரி அந்தப் படத்தை ஜெபக்கூட்டத்துத் தோழி ஒருவர் மூலம் மூலக்குளத்துக்கு அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து வந்த பெண்ணின் படம் வேறு மாதிரி இருந்தது. மெரின், அச்சகம் ஒன்றில் வேலை. சிரிப்பில் ஒரு பல் பக்கத்துப் பல்லின்மேல் லேசாக ஏறியிருந்தது. அதை யாரும் சரிசெய்யவில்லை. எத்தனையோ முகங்களைத் திருத்திய விக்டர், இந்தப் படத்தை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று அம்மாவிடம் சொல்லியும்விட்டார்.

பெண்ணின் அப்பா சவரிராயன், பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் ‘சொல்தா’, அதாவது சிப்பாய், என்றால்தான் தெரியும். கறாரான மனிதர். அவர் சொல்லியனுப்பிய பதில் இது: “படத்துல பையன் லட்சணமா இருக்கான். ஆனா தவக்காலத்துல நல்ல காரியம் பேசறதில்ல. ஈஸ்டர் முடிஞ்சு வீட்டுக்கு வாங்க.”

ஆக, படத்தில் இருந்த முடி தலையில் முளைக்க விக்டருக்கு ஒரு தவக்காலம், நாற்பது நாள், கிடைத்தது.

முளைக்கும் என்றே அவர் நம்பினார். தலை அரிக்கிறது, பொடுகு கொட்டுகிறது, கூடவே முடியும் கொட்டுகிறது. பொடுகுதான் முடியைத் தின்கிறது. அதை விரட்டினால் முடி திரும்பும். முடிவெட்டுகிற கடையில் அப்படித்தான் சொன்னார்கள். பலராமன் சொன்னார். அம்மாவும் சொன்னார்: “மண்ட காய்ஞ்சி கெடக்குதுடா. அதான் செதில் செதிலா உதிருது. எண்ண வை.”

தினமும் படுக்கப் போகுமுன் தேங்காயெண்ணெயைச் சூடு பண்ணித் தலை நிறைய வைத்துக்கொண்டார். தலையணைக்கு மேல் பழைய துண்டு ஒன்றை விரித்துத் தூங்கினார். ஒரு வாரத்தில் அதிசயம் நடந்தது. கறுப்புச் சட்டையில் ஒரு துகள் இல்லை.

“பலராமா, தோளப் பாரு.”

“க்ளீனா இருக்குதுடா.”

“ஈஸ்டருக்குள்ள உச்சியும் மூடிக்கும் பாரு.”

இந்த அற்புதத்தைப் படம் பிடித்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. தன் உச்சந்தலையை யாரும் தானே பார்த்துவிட முடியாது. ஆனால் விக்டரிடம் டிஜிட்டல் கேமரா இருந்தது, இரண்டு விளக்குகள் இருந்தன, கேமராவின் பொத்தானை அழுத்த அம்மா இருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார்.

“ஊர்ல எல்லாரும் மூஞ்சிய எடுப்பான், நீ மண்டைய எடுக்கற,” என்று சொல்லிக்கொண்டே ஆனந்தமேரி அழுத்தினார்.

கம்ப்யூட்டரில் படத்தைப் பெரிதாக்கியதும் விக்டர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். பொடுகு எங்கேயும் போகவில்லை. எண்ணெயில் ஊறி, மஞ்சள் செதில்களாகத் தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடியில் தோல் வெந்த இறால் நிறத்தில் சிவந்து கிடந்தது. தோளில் விழவில்லை, அவ்வளவுதான். அரிப்பு ஏன் இரட்டிப்பானது, சொறிந்தால் நகக்கண்ணில் ஏன் வெள்ளையாக ஏறுகிறது, சீப்பில் ஏன் முன்னைவிட அதிக முடி வருகிறது என்பதெல்லாம் திரையிலேயே தெரிந்தது.

வேறு யாராவது இருந்தால் சோர்ந்திருப்பார்கள். விக்டருக்குப் பரபரப்புதான் வந்தது. அம்மாவை மறுபடி நிறுத்தி, பக்கவாட்டில், பின்னால், காதுக்கு மேலே என்று எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் திரையில் வரிசையாகப் போட்டார். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. சைக்கிள் கடைக்கு ஓடிப்போய், கையெல்லாம் கிரீஸாக இருந்த பலராமனை இழுத்துக்கொண்டு வந்தார்.

“இது என் பின்மண்ட. பொடுகு எவ்ளோ இருக்குது பாரு.”

“ஐயே. இதக் காட்டவா கூட்டியாந்த? நான் இன்னும் சாப்டல.”

“இருடா. உச்சியவிட இங்க ஜாஸ்தியா இல்லயா?”

“ஜாஸ்திதான்.”

“இங்க முடி எப்பிடி இருக்குது?”

பலராமன் குனிந்து பார்த்தார். “காடு மாதிரி இருக்குது.”

“பொடுகு முடியத் தின்னுதுன்னா இங்கதான மொதல்ல மொட்ட ஆவணும்?”

பலராமன் கிரீஸ் கையோடு தன் பின்மண்டையைத் தடவினார். “அப்ப முடிய எவன்டா திருடறான்?”

மறுநாள் விக்டர் படங்களை அச்சிட்டு ஒரு கவரில் போட்டுக்கொண்டு தோல் மருத்துவர் சந்திரகலாவிடம் போனார். நோயாளி தன் மண்டையின் ஆல்பத்தோடு வந்தது அந்த டாக்டருக்குப் புதிது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு விக்டரின் தலையை விளக்குக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அப்பாவுக்கு வழுக்கையா?”

“இல்லீங்க. தாய்மாமனுக்குத்தான். பித்தள சொம்பு மாதிரி இருக்கும்.”

“உங்களுக்கு ரெண்டு பிரச்சினை இருக்கு. ஒண்ணுன்னு நெனச்சிட்டு இருக்கீங்க. நெத்தி ஓரமும் உச்சியும் மட்டும் போகுது, பின்பக்கம் அப்படியே நிக்குது பாருங்க, அதுக்கு ஒரு வடிவம் இருக்கு. குடும்பத்துல வர்றது. ஹார்மோன் வேலை. உச்சியில முடியோட வேர் வருஷா வருஷம் சின்னதாகிட்டே வரும். பொடுகு இல்லாட்டியும் அது நடக்கும்.”

“அப்ப பொடுகுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்களா?”

“அதுவும் தப்பு. தலைத்தோல்ல எண்ணெய்ப் பசை சுரக்கிறதும் அதே ஹார்மோனாலதான். அந்தப் பசையத் தின்னு ஒரு பூஞ்சை வளருது. தோல் சிவக்குது, அரிக்குது, நீங்க சொறியறீங்க. ஏற்கெனவே வேர் மெலிஞ்ச முடி, இன்னும் கொஞ்ச நாள் நிக்க வேண்டியது, முன்னாடியே விழுந்துடுது. வழுக்கைய பொடுகு உண்டாக்கறதில்ல. வர்றதை வேகமாக்கலாம்.”

“தெனமும் எண்ண வச்சேன்.”

“பூஞ்சைக்கு விருந்து வச்சிருக்கீங்க.”

வாரத்துக்கு இரண்டு தடவை போட ஒரு மருந்து ஷாம்பு எழுதிக் கொடுத்தார். போட்டதும் கழுவிவிடக் கூடாது, ஐந்து நிமிடமாவது ஊற வேண்டும். எண்ணெய்க்கு விடுமுறை. தோல் ஆறியபின் உச்சியில் தடவ ஒரு லோஷன். இருக்கிற முடியைக் காப்பாற்ற அது உதவலாம். ஆனால் பலன் தெரியவே மாதக்கணக்கில் ஆகும்.

“ஈஸ்டருக்குள்ள, டாக்டர்?”

“ஈஸ்டருக்குள்ள அரிப்பு நிக்கும்.”

நின்றது. ஒவ்வொரு ஞாயிறும் அதே ஸ்டூல், அதே விளக்கு, அதே தூரம். சிவப்பு இளஞ்சிவப்பானது, செதில் மெலிந்தது. ஈஸ்டருக்கு முந்தைய குருத்து ஞாயிறன்று எடுத்த படத்தில் தோல் தோல் நிறத்துக்கே வந்துவிட்டது. சீப்பில் வரும் முடியும் குறைந்தது. விக்டர் ஒவ்வொரு படத்தையும் சினிமா போஸ்டர் மாதிரி பலராமனிடம் கொண்டுபோய்க் காட்டினார். ஆனால் உச்சியின் காலியிடம், முதல் படத்தில் எங்கே எவ்வளவு இருந்ததோ, அங்கேயே அவ்வளவே இருந்தது. இப்போது செதில் மறைப்பும் இல்லாமல் பளிச்சென்று தெரிந்தது.

“தொப்பி போட்டுக்கினு போ,” என்றார் பலராமன்.

“வீட்டுக்குள்ளயா?”

“சொல்தாவுக்கு சல்யூட் அடிச்சிட்டு உக்காந்துடு.”

ஈஸ்டர் முடிந்து கிளம்பும்போது விக்டர் தொப்பி போடவில்லை. கவரை எடுத்துக்கொண்டார். காபி குடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு. சொன்னால் அந்தப் பெண் கிடைக்காமலே போகலாம் என்று வழியெல்லாம் அம்மா முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மூலக்குளத்து வீட்டில் சவரிராயன் வாசலிலேயே விக்டரின் தலையை ஒரு முறை பார்த்தார். உள்ளே வரச் சொன்னார். அவருடைய தலையே விளக்கொளியில் மின்னியது. மெரின் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் கையில் விக்டரின் படம் இருந்தது.

“ஒண்ணு கேக்கலாமா? கோச்சிக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“இதுல மூக்கு நிழல் வலப்பக்கம் விழுது. அப்ப வெளிச்சம் இடப்பக்கத்துல இருந்து வருது. உச்சி முடி மட்டும் ஏன் வலப்பக்கமா மின்னுது?”

“மெரின்,” என்றார் சவரிராயன்.

ஆனந்தமேரி காபி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். விக்டரின் காது சூடானது.

“இடது காதோரத்துல இருந்து எடுத்தேங்க. திருப்பி ஒட்டுனேன். வெளிச்சத்த மாத்த மறந்துட்டேன்.”

“அதான பாத்தேன். நாங்க திருப்புனா மொதல்ல அதத்தான் மாத்துவோம்.”

“நீங்க அச்சகத்துல என்ன வேல பாக்கறீங்க?”

“டி.டி.பி., கம்ப்யூட்டர்ல பக்கம் அமைக்கிறது. கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளைங்களுக்கு முடி வைக்கிறது நான்தான்.”

விக்டர் சிரித்துவிட்டார். பையிலிருந்து கவரை எடுத்து, பிஸ்கட் தட்டை நகர்த்தி, படங்களை வரிசையாகப் பரப்பினார். “இதையும் பாருங்க. இதுல டச்சப் கெடயாது.”

சவரிராயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பிரெஞ்சில் ஏதோ கேட்டுவிட்டு, தமிழுக்கு வந்தார். “இன்னாது இது, நிலாவா?”

“என் உச்சிங்க.”

அதற்குமேல் விக்டரை நிறுத்த முடியவில்லை. பெண் பார்க்க வந்தது மறந்துபோய், இது எண்ணெய் வைத்தபோது, இது ஷாம்பு போட்ட பிறகு, இது பின்மண்டை, பொடுகு இங்கேதான் அதிகம் ஆனால் முடி இங்கேதான் அடர்த்தி என்று விரலை ஓட்டி ஓட்டிச் சொன்னார். “அரிப்பு போயிடுச்சு, உதிர்றது கொறஞ்சிடுச்சு. ஆனா போன முடி வரல. இனியும் போவும். மெதுவா போவும். அத சொல்லிடலாம்னுதான் வந்தேன்.”

சவரிராயன் தன் தலையைக் குனிந்து காட்டினார். “எனக்குப் பொடுகே வந்ததில்ல, தம்பி. அப்பவும் பாரு.”

மெரின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். கடைசியில் கேட்டார்: “கல்யாண ஆல்பம் யார் பண்றது?”

“நான்தான் பண்ணுவேன். ஏன்?”

“என் பல்லத் தொட்டீங்கன்னா ஆல்பத்த அங்கயே கிழிச்சிடுவேன்.”

“அந்தப் பல்லப் பாத்துட்டுதான் வந்தேன்.”

ஆனந்தமேரி இருமினார். சவரிராயன் கண்ணாடியைக் கழற்றினார். “சரி. அப்ப தேதி பேசலாம்.”

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிப்பார்கள். முதல் ஓலைக்கு மெரினும் அப்பாவும் நெல்லித்தோப்புக் கோயிலுக்கே வந்திருந்தார்கள். பூசை முடிவில் சாமியார் இரண்டு பேரையும் பெயர் சொல்லி அறிவித்துவிட்டு, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று நிறுத்தினார். கோயிலே அமைதியானது. பதற்றம் வந்தால் தலையைச் சொறிவது விக்டரின் பல வருடப் பழக்கம். வலது கை தானாக உச்சிக்கு மேலே எழுந்தது.

முன் வரிசைகள் திரும்பின. சாமியார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில் மெரின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பின்னாலிருந்து சவரிராயன் கிசுகிசுத்தார். “கைய எறக்குங்க, மாப்ள. ஃபாதர் பாக்கறாரு.”

விக்டர் கையை இறக்கினார். பழக்கதோஷத்தில் நகக்கண்ணைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது.