எர்த்துக் குழியும் தென்னங்கன்றும்

நாசரேத்தில் இயற்பியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஈவாஞ்சலின், மின்சாரத்தில் இசை எழுப்பும் சிந்தசைசர் பெட்டி ஒன்றைத் தன் கையாலேயே செய்திருந்தார். சபைப் பாடகர் குழுவின் ஈஸ்டர் பாட்டுக்கு அதில் வாசித்து, சனிக்கிழமைக்குள் பதிவு செய்து தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டார். ஆனால் வாசிக்காதபோதுகூட ஸ்பீக்கரில் 'உம்ம்' என்ற இரைச்சல் ஓயவில்லை.

ஒயரை மாற்றினார், கெப்பாசிட்டரை மாற்றினார். நான்காம் முறை பெட்டியைத் திறந்தபோது கணவர் டேவிட்சன் எட்டிப் பார்த்தார்.

"ஏளா, உள்ள தேனீ வளக்குதியா?"

"கொட்டுனா தெரியும். சும்மா போங்க."

வெள்ளிக்கிழமை காலை குறிப்பேட்டைப் புரட்டினார். சோதித்ததெல்லாம் தேதியோடு அதில் இருந்தது. மார்ச் ஒன்பது வரை இரைச்சல் இல்லை. அதன்பின் ஒரு வாரம் பெட்டியை அவர் தொடவே இல்லை. பதினாறாம் தேதி போட்டபோது இரைச்சல் இருந்தது. அப்படியானால் மாறியது பெட்டியில்லை, வீடு.

"என்னங்க, அந்த வாரம் வீட்டுல என்ன செஞ்சீங்க?"

"துவைக்கிற தண்ணிய புதுத் தென்னங்கன்னுக்குத் திருப்பிவிட்டேன். நீதான நல்ல காரியம்னு சொன்ன?"

அதுவரை அந்தத் தண்ணீர் வீட்டு மின்சாரத்தின் எர்த்துக் கம்பியைப் புதைத்த சுவரோரத்துக் குழியில்தான் போய் ஊறிக்கொண்டிருந்தது. செம்மணல், ஒரே வாரத்தில் காய்ந்துவிட்டது. ஈரம் இல்லாததால் எர்த்தும் வேலை செய்யவில்லை; அதுதான் ஸ்பீக்கரில் இரைச்சலாக வந்தது.

ஈவாஞ்சலின் குழியில் மூன்று வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார். இரைச்சல் மெல்லத் தேய்ந்து நின்றது. பதிவு முடியும்வரை துவைக்கிற தண்ணீரையும் குழிக்கே திருப்பிவிட்டு, அன்றே பதிவைத் தொடங்கினார்.

"அப்ப என் தென்னை?" என்றார் டேவிட்சன்.

"லெந்து நாள்தான, நம்மளோட சேந்து அதுவும் நாளை வரைக்கும் உபவாசம் இருக்கட்டும்."