டூட்டியில் மட்டும் கேட்ட இரைச்சல்

முதல் முறை அந்த இரைச்சல் வந்தபோது பேருந்துக்குள் வண்டு புகுந்துவிட்டதென்று மேலே பார்த்தேன். வண்டு இல்லை. சத்தம் என் தலைக்குள் இருந்தது. சிவாஜிநகர் போய்ச் சேர்வதற்குள் பத்து முறையாவது வந்து போனது.

போன வருடம் நடந்தது இது. நான் பெங்களூர் நகரப் பேருந்தில் நடத்துநர். ஈறு நோயில் (பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிற நோய்) கீழ்க் கடைவாய்ப் பற்கள் இருபுறமும் போய், கழற்றி மாட்டும் பல்செட் வைத்திருந்தேன். நாக்குக்கு அடியில் ஓடும் உலோகப் பட்டை ஒன்றுதான் இரண்டு பக்கத்தையும் இணைக்கும். ஸ்டாப் பெயரைக் கூவும்போது அது நாக்கில் இடித்தது. "கொஞ்சம் மெலிசாக்கிக் குடுங்க மேடம்" என்று பல் மருத்துவரைக் கெஞ்சினேன். தயங்கித் தயங்கித் தேய்த்துக் கொடுத்தார். நாக்குக்குச் சுகமாக இருந்தது.

இரைச்சல் வந்தது அடுத்த வாரம். பல்செட் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சாப்பிடும்போது இல்லை, பேசும்போது இல்லை, விடுமுறை நாளில் அறவே இல்லை. காது மருத்துவர் டின்னிட்டஸ் (காதுக்குள் கேட்கும் பொய்ச் சத்தம்) என்று மாத்திரை எழுதினார். அதற்கும் அடங்கவில்லை.

"அதென்ன, டூட்டிக்குப் போனா மட்டும் வர்ற வியாதி?" என்று என் மனைவி செல்வி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூளை கலங்குகிறதோ என்று பயந்தேன். டிப்போவில் தெரிந்தால் வண்டியைவிட்டு இறக்கிவிடுவார்கள். அங்கே யாரிடமும் மூச்சுவிடவில்லை.

பல்செட்டின் கொக்கி தளர்ந்ததென்று ஒருநாள் காக்கிச் சட்டையோடே பல் மருத்துவரிடம் போனேன். பையில் இருந்த விசிலை அவர் பார்த்தார்.

"இதை எப்படி ஊதுவீங்க?"

"ரெண்டு கையும் டிக்கெட்லயே இருக்கும் மேடம். கடைவாயில கடிச்சுக்குவேன்."

"பல்செட் பல்லுலயா? ஏன் சொல்லவே இல்ல?"

"நீங்க சாப்பாட்டப் பத்தித்தானே கேட்டீங்க?"

அங்கேயே ஊதச் சொன்னார். முன்பல்லில் கடித்து ஊதினேன், ஒன்றுமில்லை. கடைவாயில் கடித்து ஊதினேன், வண்டு வந்துவிட்டது. தலைக்குள் கேட்கும் இரைச்சலை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மெலிந்த பட்டைக்கு விறைப்புப் போதவில்லையாம். விசிலின் அதிர்வில் அதுவும் அதிர்ந்து, எலும்பு வழியாகக் காதுக்குப் போகிறதாம். "மெலிசா கேட்டது நீங்க, குடுத்தது நான்" என்றார். மூளை கலங்கவில்லை என்ற நிம்மதியில் நாற்காலியிலேயே அழுதுவிட்டேன்.

புதிய செட்டில் பட்டைக்குப் பதில் அகலமான தகடு. நாக்கு இரண்டு வாரம் முரண்டு பிடித்து, பிறகு பழகிக்கொண்டது. பல்செட் வைக்கப் போகிறவர்கள், வாயால் செய்கிற வேலை அத்தனையையும் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரைச்சல் நின்று மாதங்களாகின்றன. ஆனால் விசிலைக் கடித்ததும் உடம்பு ஒரு நொடி எதற்கோ காத்திருக்கிறது. பிறகுதான் ஊதுகிறேன். "ஏன் குரு, ரைட் கொடோக்கே முகூர்த்த நோட்தியா?" என்று ஓட்டுநர் கன்னடத்தில் கத்துகிறார். விசில் கொடுக்க நல்ல நேரம் பார்க்கிறேனாம்.

அந்த ஒரு நொடியில் யாராவது ஓடிவந்து ஏறிவிடுகிறார்கள். நேற்று ஓர் அம்மா மூச்சிரைக்க ஏறி, "நல்ல வேளை, எனக்காக நின்னீங்க" என்றார். நான் பயத்தில் நின்றேனா, அவருக்காக நின்றேனா என்று எனக்கே விளங்கவில்லை. "உள்ள போங்கம்மா" என்று சொல்லி விசில் கொடுத்தேன்.