எந்தக் கட்சியிலும் சேராத மச்சான்

ஃபிரிட்ஜின் பின்பக்கம் காதை வைத்துக் கேட்டு, கதவைத் திறந்து உள்ளே ஒரு நோட்டம் விட்ட பிறகுதான் எந்த வீட்டிலும் என் மச்சான் உட்காருவான். ஃபிரிட்ஜ் பழுது பார்ப்பது அவன் தொழில் என்பதால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் பாலை எடுத்து உள்தட்டில் தள்ளிவைத்து, "கதவுல வச்சா கெட்டுப்போவும்னு எத்தனை தடவை சொல்றது" என்று என்னை அதட்டுவான்.

தொழில் அவனுக்குக் கொஞ்சம் ஞானமும் கொடுத்திருக்கிறது. "வாசல்லயே 'நாங்க அதெல்லாம் தொடமாட்டோம்'பாங்க மாமா. ஃப்ரீசரைத் திறந்தா கோழி முழுசா உறைஞ்சு கெடக்கும். கேட்டா, விருந்தாளிக்காம்."

ஒரு காலத்தில் இவன் எலும்பை உறிஞ்சினால் மாடி வீட்டுக்குக் கேட்கும். போன வருஷம் கறி குறைந்தது. பிறகு நின்றே போனது. காரணம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். டாக்டர் சொல்லவில்லை, வேண்டுதல் கிடையாது, ஆட்டின் மேல் திடீர்ப் பாசமும் இல்லை. "திங்கணும்னு தோணலை, விட்டுட்டேன். இதுக்குக் கூட்டம் போட்டு அறிவிக்கணுமா?"

பட்டறையில் மதியச் சாப்பாடு வெளியிலிருந்து வரும். வாங்கப் போகிறவரோடு இவனுக்குத் தினமும் வழக்குதான். ஒருநாள் நானே பார்த்தேன்.

"சைவமா, அசைவமா?"

"கறி வேணாம். முட்டை ஒண்ணு வைக்கச் சொல்லு."

"அப்ப அசைவம்."

"கறிதான் வேணாங்கிறேனே."

"அப்ப சைவம்னு சொல்லித் தொலையேன்யா."

"மீன் நல்லா இருந்தா ஒரு துண்டு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். முதலாளி இவனுக்கு 'ரெண்டுங்கெட்டான்' என்று பேர் வைத்திருக்கிறார். அந்தப் பேருக்கு மட்டும் இவன் மறுப்புச் சொல்வதில்லை.

சிரிப்பெல்லாம் பட்டறையோடு சரி. என் மனைவி அவனுக்கு அக்கா மட்டுமில்லை. அம்மா போன பிறகு சோறு ஊட்டி வளர்த்தவள். எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கறிக் குழம்பு அவனுக்காகவே கொதிப்பது. அவன் துண்டுகளை ஒதுக்க ஆரம்பித்ததும், "என் கை சமையல் அவனுக்கு அலுத்துப்போச்சு" என்று மூக்கைச் சிந்தினாள். பிறகு அவளாகவே ஒரு முடிவுக்கு வந்தாள். தம்பி சைவமாகிவிட்டான் என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டு, புதுத் தட்டு, புதுக் கரண்டி, புதுச் சட்டி வாங்கினாள். எங்கள் குழம்பு வாடை படக்கூடாதென்று மேசையின் அந்தக் கோடியில் அவனுக்கு இடம். பெண் எடுத்த நாளிலிருந்து எனக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

முதல் ஞாயிறு அந்தக் கோடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. குழம்பை இறக்கி வைத்துவிட்டு இவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, போன் போட்டுத் திட்டினேன்.

"அக்கா என்னை விருந்தாளி ஆக்கிட்டா மாமா. 'போதுமா, இன்னும் வைக்கவா'ன்னு கேக்குறா. இதுக்கு முன்னாடி எங்கிட்ட என்னைக்காவது கேட்டிருக்காளா? அவபாட்டுக்கு அள்ளிக் கொட்டுவா."

"இதை அவகிட்டயே சொல்லேன்டா."

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டேன்.

போன ஞாயிறு வந்தான். மேசைக் கோடியில் புதுத் தட்டு நிறையக் காய்கறி. அவன் அதைத் தொடவில்லை. எனக்குப் பரிமாறிவிட்டு அவள் தன் தட்டோடு உட்கார்ந்ததும், நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். அவள் தட்டில் கையை விட்டு, குழம்பில் ஊறிய உருளைக்கிழங்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"டேய், கறிக் குழம்புடா அது."

"இது உருளைக்கிழங்கு, அக்கா. கறியை நீ தின்னு."

 அவள் கறித் துண்டுகளையெல்லாம் விரலால் தன் பக்கம் ஒதுக்கிக்கொண்டு, தட்டை இருவருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.