திரையில் இல்லாத குழாய்

நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியது திரையை அழகாக்கத் தெரிந்ததால்தான். வேறெந்தத் திறமையாலும் இல்லை. இரண்டாயிரத்து ஏழு, எட்டு வாக்கில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மரச்சாமான் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. எங்கோ வெளிநாட்டில் ஒரு தொழிற்சாலையை லேசர் கருவி வைத்து மூலை முடுக்கெல்லாம் அளப்பார்கள். அது எங்களுக்குக் கோடிக்கணக்கான புள்ளிகளாக வந்து சேரும். அவற்றைத் திரையில் திறந்தால் தொட்டி, படிக்கட்டு, குழாய் எல்லாம் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும். அதைப் பார்த்து நாங்கள் வரைபடம் போட வேண்டும். பம்மலில் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வந்து நாலு நாள் ஆகியிருக்கும். நான் யாரோ ஒரு சீமைத் தொழிற்சாலையின் குழாயை மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்துகொண்டிருப்பேன்.

அந்த மென்பொருளில் காட்சியை மாற்ற ஏகப்பட்ட வழி உண்டு. புள்ளியைப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். பத்துப் புள்ளிக்கு ஒன்றை மட்டும் காட்டச் சொல்லலாம். அப்படிச் செய்தால் எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் மூச்சு விடும். உயரத்துக்கு ஒரு நிறம் கொடுக்கலாம். லேசர் ஒளி சரியாகத் திரும்பி வராத மங்கல் புள்ளிகளை மறைத்தும் விடலாம். எங்கள் அலுவலகத்துக் கூத்து என்னவென்றால், இந்த அமைப்புகள் ஆளுக்கொன்றாக இல்லை. சர்வரில் ஒரே ஒரு கோப்பு, எல்லோருக்கும் அதுதான். டீம் லீடர் சாருடைய ஏற்பாடு அது. எல்லார் திரையும் ஒரே மாதிரி இருந்தால்தான் வேலையும் ஒரே மாதிரி வருமாம். அந்தக் கோப்பைத் தொட அவருக்கும் எனக்கும் மட்டும்தான் அனுமதி. அதில் எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தால் கூசுகிறது.

என் பக்கத்து இருக்கை ஊரப்பாக்கத்திலிருந்து வரும் ஒரு அக்காவுடையது. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன் வரைபட வேலை பார்த்தவர். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் திரும்பி வந்திருந்தார். அலுவலகத்தில் ஆறு மாதம் தற்காலிகம், அப்புறம்தான் நிரந்தரம். அவர் வீட்டுக்காரரும் அதே கெடுதான் வைத்திருந்தார். ஆறு மாதத்தில் நிரந்தரமானால் தொடர்ந்து போகலாம், ஆகாவிட்டால் வீட்டோடு இருக்க வேண்டும். மதியம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "இந்த ஒரு சீட்டுதான்மா எனக்குன்னு இருக்கு" என்பார். கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். வேலை மெதுவு, ஆனால் சுத்தம்.

அவருடைய ஐந்தாம் மாதத்தில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. சார் என்னைக் கூப்பிட்டார்.

"பாக்கறதுக்கு போட்டோ மாதிரி இருக்கணும்மா. சுத்திக் காட்டும்போது நடுவுல சிக்கி நிக்கக் கூடாது."

புள்ளியைப் பெரிதாக்கினேன். எண்ணிக்கையைக் குறைத்தேன். தூசி மாதிரி மிதந்துகொண்டிருந்த மங்கல் புள்ளிகளை ஒரே டிக்கில் மறைத்தேன். தொழிற்சாலை கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி பளிச்சென்று நின்றது. வந்தவர்கள் தலையாட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "சிறுசேரியில நம்ம புது ஆபீஸ் திறக்கும்போது முதல் பேரு உன்னோடதுதான்" என்று சார் எல்லார் முன்னாலும் சொன்னார். அன்று சாயங்காலம் பழைய அமைப்புக்கு மாற்றிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். ஒரு நிமிட வேலை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பாதிப் பொய். அழகாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். வீட்டுக்குப் போய் அத்தாவிடம் சிறுசேரி என்று சொன்னேன். தோல் கிடங்கில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனிதர், சட்டையைக்கூட மாற்றாமல் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

கறுப்பு நிறம் லேசரை விழுங்கிவிடும். கறுப்பாக இருப்பதெல்லாம் மங்கல் புள்ளிகளாகத்தான் வந்து சேரும். இது எனக்குத் தெரியாததல்ல, புதிதாகச் சேருபவர்களுக்கு நானே சொல்லிக்கொடுக்கிற பாடம். அடுத்த இரண்டு வாரம் மற்றவர்கள் தூண்களையும் தொட்டிகளையும் வரைந்தார்கள், அதனால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சின்னக் குழாய்கள் ஓடும் பகுதி அக்காவுக்கு வந்தது. அங்கே விரல் தடிமனில் ஒரு குழாய், மேலே கறுப்பு ரப்பர் சுற்றியது. அக்காவின் திரையில் அது இல்லவே இல்லை. இல்லாததை அவர் எப்படி வரைவார்?

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் அலுவலகப் பொது மின்னஞ்சலை நான்தான் திறந்தேன். எங்கள் வரைபடத்தை நம்பிச் செய்த புதுக் குழாயைப் பொருத்தப் போனால் குறுக்கே வேறொரு குழாய் ஓடுகிறதாம். புகைப்படமும் வைத்திருந்தார்கள். கறுப்பு ரப்பரைப் பார்த்ததும், நான் மறைத்த மங்கல் புள்ளிகள்தான் அது என்று புரிந்துவிட்டது. சார் இன்னும் வரவில்லை. அமைப்புக் கோப்பைத் திறந்து அந்த டிக்கை எடுத்தேன், எண்ணிக்கையைக் கூட்டினேன், சேமித்தேன். தப்பைச் சரிசெய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாரிடம் கதை விடுகிறேன்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், அவ்வளவுதான்.

சார் வந்து மின்னஞ்சலைப் படித்தார். நேராக அக்காவின் கம்ப்யூட்டருக்குப் போய் அந்தப் பகுதியைத் திறந்தார். குழாய் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெளிவாக ஓடியது.

"இதோ இருக்கே! கண்ணு தெரியலையாம்மா உங்களுக்கு?"

அக்கா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

"சார், அன்னிக்கு இது இல்ல சார்."

"அப்ப குழாய் என்ன, நடந்தா வந்துச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. நீயும் பாத்தியே. இந்த எடம் காலியாத்தான இருந்துச்சு?"

பார்த்திருந்தேன். ஒரு நாள் அவர் சந்தேகம் கேட்டபோது அந்த இடத்தைச் சுற்றிக் காட்டி, ஒன்றும் இல்லை என்று சொன்னவளே நான்தான். இப்போது சார் முன்னால் கேட்டபோது மட்டும் என் வாயில் கொழுக்கட்டை. அத்தாவின் முகமும், அவர் சிறுசேரி என்று சொல்லிக்கொண்டு போன தெருவும்தான் கண் முன்னால் வந்தன.

"எனக்குச் சரியா ஞாபகமில்லக்கா" என்றேன்.

அந்த மாதக் கடைசியில் அக்காவுக்கு நிரந்தரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சிறுசேரிப் பட்டியலில் என் பெயர் அப்படியே இருந்தது. அக்கா சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர் தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பித்தார். பஸ் நம்பரைப் படித்துவிட்டு, சரிதானா என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பார். கடைசி நாள் என்னிடம் வந்து, "கண் டாக்டரப் பாக்கப் போறேன், தனியாப் போக பயமா இருக்கு, கூட வரியா?" என்றார். போனேன். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குத் தைரியம் இல்லை.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பக்கம் இருந்த டாக்டர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார், விளக்கடித்துப் பார்த்தார். கண்ணாடியின் பவர்கூட மாறவில்லை, கண் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். போன வேலை திரும்பி வந்திருக்குமோ என்னவோ, தன் கண்ணை அவர் மறுபடி நம்பியிருப்பார். வாயைத் திறந்தேன், பிறகு ஆட்டோ வருகிறதா என்று பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பிக்கொண்டேன். என்னை நானே காறித் துப்பிக்கொள்ள வேண்டிய நேரம் அது.

"டாக்டருக்கு என்ன தெரியும்?" என்றார் அக்கா, வெளியே வந்து நின்றதும். "சார் தொறந்தப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுதே, வரையறப்ப எனக்கு மட்டும்தான தெரியல. இனிமே இந்த வேலைக்கு நான் லாயக்கில்லம்மா."

அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத்தன பேர்ல நீ ஒருத்திதான் கூட வந்த. அன்னிக்கு ஞாபகமில்லன்னு நீ சொன்னப்ப உன் மேல எனக்குக் கோவம் வந்துச்சு. தப்ப என் மேல வச்சுக்கிட்டு உன்னப் போயி கோவிச்சுக்கிட்டேன். மனசுல வச்சுக்காதம்மா."

"பரவாயில்லக்கா" என்றேன். "நான் ஒண்ணும் தப்பா எடுத்துக்கல."