இரண்டு மாமன்கள்

இல்லை, முதலில் அழவில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது. சரசு அத்தைக்கு இருந்த ஒரே பயம், கடைசி நாட்களில் தன்னை யாராவது வீட்டைவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. அது நடக்கவில்லை. வாழவந்தியில், சொந்த வீட்டில், காலைக் காபியைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மீனாதான் போனில் சொன்னாள். அப்பா அம்மா இல்லாத பெண். இரண்டு வருடமாக அத்தையோடு இருந்தாள். ப்ளஸ் டூ.

சொல்லி முடித்தபின் அவள் கேட்டாள்: "அக்கா, நான் இனி எங்கீங்க இருக்கறது?"

சேலத்திலிருந்து பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அந்தக் கேள்விதான் கூட வந்தது. அது என்னுடைய பழைய கேள்வி.

அத்தையோடு காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். வேலை இருக்கும்வரைதான் எஸ்டேட் கொடுக்கும் லைன் வீடு. அங்கே வேலை செய்த என் அம்மா இறந்தபோது நானும் ப்ளஸ் டூ. தங்கை தேவி எட்டாம் வகுப்பு. அப்பா முன்பே போய்விட்டார். பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. எங்கள் வீட்டுக்காக வேறொரு குடும்பம் காத்திருந்தது.

அத்தை பக்கத்து வீடு. எங்களுக்கு உறவு இல்லை. அம்மாவைக் கிடத்தியிருந்த இடத்தில் விளக்கை ஏற்றியது அவர்தான். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அது அணையக் கூடாது. அதுவரை வீட்டைக் காலி செய்யச் சொல்ல மாட்டார்கள். மலையில் அது வழக்கம்.

பதினேழாம் நாள் எஸ்டேட் ரைட்டர் வந்தார். வீடுகளைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்.

"ஏனுங்க சரசு, காரியம் ஆச்சுங்களா?"

"எங்கீங்க? தாய்மாமன் வரோணுமில்ல. ஓசூர்ல லாரி ஓட்டறாரு. வந்தாத்தான விளக்கை எடுக்க முடியும். விளக்கு எரியற ஊட்டுக்குப் பூட்டுப் போடலாமுங்களா?"

அவர் போனதும் தேவி கேட்டாள். "அத்தை, எங்களுக்கு மாமா இருக்காரா?"

"இப்ப இருக்காரு கண்ணு. எண்ணெய ஊத்து."

பள்ளிக்குப் போகுமுன் எண்ணெய் ஊற்றுவது தேவியின் வேலை. படிப்பது என் வேலை. ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்து அழுதேன். அத்தை சமாதானம் சொல்லவில்லை. "அழுகைக்கு யாரும் தேதி வெக்கல. பரீட்சைக்குத்தான் வெச்சிருக்காங்க" என்றார். புத்தகத்தைத் திறந்து என் மடியில் வைத்தார்.

தவறு என்னுடையது. நாகலூர்க் கடையில் ரைட்டர் சாதாரணமாகத்தான் கேட்டார், மாமா பேர் என்னம்மா என்று. செல்வராஜ் என்றேன். அத்தை அவரிடம் ஏற்கெனவே முருகேசன் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது.

மறுநாள் வாசலில் நின்றார். "சரசு, முருகேசனா, செல்வராஜா?"

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"ரெண்டு பேருமுங்க. பெரியவரு, சின்னவரு."

ரைட்டர் விளக்கைப் பார்த்தார். தரையில் விரித்துக் கிடந்த என் நோட்டுகளைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேரும் வந்து சேரோணும். நாளாகுமே."

"நொம்ப நாளாகுமுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிறகு கேட்கவே இல்லை.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மறுநாள் காரியம் செய்தோம். மாமன் செய்ய வேண்டியதை அத்தையே செய்தார். வீட்டைக் காலி செய்து அத்தையின் ஓர் அறைக்குப் போனோம். அங்கிருந்து நான் கல்லூரி விடுதிக்கு, பிறகு தேவி. எங்களுக்குப் பிறகும், அவர் வாழவந்தியில் சொந்த வீடு கட்டிய பிறகும், பிள்ளைகள் வந்தார்கள். யாரிடமும் அவர் தன்னை அம்மா என்று சொல்லிக்கொண்டதில்லை.

அடக்கம் முடிந்து வந்தபோது மீனா தன் பையைக் கட்டி வைத்திருந்தாள். நானும் அன்று அப்படித்தான் கட்டி வைத்திருந்தேன். அத்தையின் மகன் திருப்பூரிலிருந்து வந்திருந்தார். வீடு இனி அவருடையது. அவரிடம் எப்படித் தொடங்குவது என்று வாக்கியங்களைக் கோத்துக்கொண்டிருந்தேன். அவர் பையைப் பார்த்தார்.

"இந்தப் புள்ளைக்குப் பரீட்சை எப்பங்க முடியுது?"

"இன்னும் ஒரு மாசம் இருக்குங்க."

"அப்பக் காரியத்தை அதுக்கு மேல வெச்சுக்கலாம். மாமனுங்க வரோணுமில்ல." சிரிக்காமல் சொன்னார். அப்படியே அத்தையின் முகம். "மேல படிக்கப் போனாலும் லீவுக்கு எங்கயாச்சும் வந்துதான ஆகோணும். சாவி அதுகிட்டயே இருக்கட்டுமுங்க."

மீனா பையைப் பிரித்தாள். அப்போதுதான் அழுதேன்.

அத்தையிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது ஒரு பொய். அதைச் சொன்ன நிதானம். கீரையிலிருந்து நிமிராத அந்தத் தலை.

அத்தைக்கு ஏற்றிய விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது. கடைக்குப் போய் இரண்டு லிட்டர் நல்லெண்ணெய் வாங்கி வந்தேன்.